சூலம் பார்த்துத் திருப்பிய வழி

தேர் பூட்டவும் யானைக்கு முகபடாம் சாத்தவும் ஆள் இருந்தும், ஓர் எருதின் முதுகே எனக்குப் போதும் என்று ஏறி அமர்ந்த பெருமானை முதற்கண் வணங்குகிறேன். அவன் ஊர்தி மெல்ல நடப்பது. வழியில் நிற்பவரைக் கண்டால் தானும் நிற்பது. அந்த நடை எங்கள் சாலைகளுக்கும் வாய்க்க வேண்டும்.

மாசி மாதம், வளர்பிறைத் திரயோதசி, பூச நட்சத்திரம் கூடிய ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரைக்கு மேல் எட்டரைக்குள் நல்ல நேரம். மாலையில் பிரதோஷம். குறை சொல்ல இடமில்லாத நாள் என்று நானே பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துக் கொடுத்த நாள் அது. அன்று காலை ஒன்பதரை மணிக்கு, மாதனூரில் ஒரு புளியமரத்தடியில், கையில் பெயர்ப் பட்டியலோடு நின்றுகொண்டிருந்தேன்.

பட்டியலில் நாற்பத்து மூன்று பெயர்கள். நாற்பத்திரண்டு பெயர்களுக்கு எதிரே பென்சில் குறி விழுந்துவிட்டது. ஒன்றுக்கு மட்டும் விழவில்லை.

தனலட்சுமி, மின்னூர்.

சுற்றிலும் எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். மஞ்சள் பனியன் அணிந்த பெண்கள் மிதிவண்டிகளை வேலியோரம் சாய்த்துவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் ஆம்பூரைச் சுற்றியுள்ள காலணி ஆலைகளில் மேல்தோல் தைப்பவர்கள்; வீட்டிலிருந்து ஆலைக்கு மிதிவண்டியில் வருபவர்கள். “ஆறு நாள் மிஷின்ல மிதிக்கிறோம். ஏழாவது நாளும் மிதிங்கடின்னு பெரியவர் கூட்டினு வந்துட்டார்” என்று ஒருத்தி சொல்ல, கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பென்சில் மட்டும் அந்தப் பெயரருகே நின்றுபோயிற்று.

ஏனென்றால், அந்த ஒரு பெயருக்கு ஏன் குறி விழவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டுமே தெரியும். அதுவும் அப்போதுதான், அந்த நொடியில்தான், நினைவுக்கு வந்தது.

நான் செய்த விதி

எங்கள் மிதிவண்டிச் சங்கம் மிகச் சிறியது. பஷீர் பாயின் மிதிவண்டிக் கடைதான் அலுவலகம். தலைமை என் தலையில் விழுந்தது வயதினால். செயலாளர் ரவி, கணினியும் கைபேசியும் அவர் பொறுப்பு. எங்களுக்கு ஒரே கோரிக்கைதான் உண்டு. மின்னூர் அருகே, நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் உள்ள இடைவெளி வழியாகத்தான் பெண்கள் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு ஆலைப் பக்கம் கடக்கிறார்கள். விளக்கில்லை, வேகத்தடையில்லை. அந்த இடத்தை அதிகாரி ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதற்காகவே அந்த ஞாயிறு ஊர்வலம். ஆம்பூரில் புறப்பட்டு, மேற்கே மின்னூர்க் கடப்பைத் தாண்டி, விண்ணமங்கலம் சென்று திரும்புவது என்பது திட்டம். நெடுஞ்சாலைத் துறை அலுவலர் ஒருவர் வர இசைந்திருந்தார். மின்னூர்க்காரியான தனலட்சுமி, கடப்புக்கு அருகிலேயே எட்டு மணிக்கு எங்களோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

வியாழக்கிழமைக் கூட்டத்தில்தான் அந்த யோசனை எனக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம்; அத்திசைப் பயணம் ஆகாது.

சொன்னேன். ரவி விழித்தார். பஷீர் பாய் சக்கரத்தின் கோணலைச் சரிசெய்துகொண்டே தலை தூக்காமல் கேட்டார்.

“அதுக்குத்தான் நீங்க வெல்லம் துன்னுட்டு போவீங்களே சாமி? எங்க பக்கத்து வீட்டம்மா அப்படித்தான் போவும். ஒரு துண்டு வாய்ல போட்டுனு நேரா பஸ் ஏறிடும்.”

பரிகாரம் எனக்குத் தெரியாததன்று. என்றாலும், என் சாத்திரத்தை எனக்கே பஷீர் பாய் எடுத்துச் சொன்னதில் உள்ளே ஏதோ முறுக்கிக்கொண்டது. “அது தனி ஆளுக்கு பாய். ஊர் கூடி போறதுக்கு வெல்லம் செல்லாது” என்றேன்.

அப்படி எந்த நூலிலும் இல்லை. என் வாய் அந்தக் கணத்தில் செய்துகொண்ட விதி அது. எழுபத்திரண்டு வயதில், நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு, ஆண்டவன் சொல்லாததை ஆண்டவன் பேரால் சொன்னேன்.

கிழக்கே மாதனூருக்குப் போவது என்று வழி மாறியது. ரவிக்கு அதில் மகிழ்ச்சி. அந்தப் பக்கம் அணுகுசாலையும் நன்று, அடிப்பாலமும் உண்டு. பஷீர் பாய் மட்டும், “அப்போ மின்னூர் கிராஸிங்க ஆபீசர் எப்டி பாப்பாரு?” என்றார்.

“அடுத்த தடவை பாத்துக்கலாம்.”

“இன்னா சாமி, கல்யாண ஊர்வலத்துல பொண்ண வுட்டுட்டு போற கணக்கா இருக்கே” என்று முணுமுணுத்துவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றினார்.

எல்லாருடைய கைபேசிக்கும் செய்தி போயிற்று. தனலட்சுமி வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. அதுவும் தோல் ஏற்றும் லாரியில் சுமையாளாக இருக்கும் அவள் கணவன் ஏழுமலையோடு வெளியே போய்விடும். “அவளுக்கு நானே நேர்ல போய் சொல்லிடறேன்” என்றேன்.

மறதி என்று சொல்லிவிட முடியாது

சனிக்கிழமை மாலை மின்னூருக்குத்தான் புறப்பட்டேன். வழியில் எங்கள் சிவாலயத்தில் பத்து நாளாக நடந்த பதிக ஓதுதல் அன்று நிறைவு. வாசலில் மிதிவண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று உள்ளே சென்றேன். கடைசிப் பதிகத்தை நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

பதிகம் என்பது பத்துப் பாட்டு. ஆனால் நிறைவில் ஒரு பாட்டு, ‘இதை ஓதுவோர் இன்ன நலம் பெறுவர்’ என்று வாழ்த்தி முடிப்பது வழக்கம். அந்த வாழ்த்துப் பாட்டுக்குக் கூட்டம் மொத்தமும் குரல் சேர்த்தபோது எனக்குக் கண் நிறைந்தது. சர்க்கரைப் பொங்கலின் நெய் மணம் கையில் இருக்க, விபூதிப் பையோடு நேரே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். அவ்வளவு நிறைவான உறக்கம் எனக்கு அண்மையில் வாய்த்ததில்லை.

மறந்தேன் என்று எழுதுவது எளிது. உள்ளபடி எழுதினால், அந்த நிறைவில் தனலட்சுமி என்ற ஒருத்திக்கு இடமே இருக்கவில்லை.

அவளை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். ஒரு காலணி ஆலையின் டைம் ஆபீசில் முப்பது ஆண்டு உட்கார்ந்தவன் நான். எட்டு மணிச் சங்கு ஊதி ஐந்து நிமிடம் ஆனால் வாயிற்கதவைச் சாத்தச் சொல்பவன். தோல் தூசியும் பசை நெடியுமாக இருக்கும் அந்தச் சிறு சன்னல் வழியே எத்தனையோ முகங்கள் கெஞ்சியிருக்கின்றன. “பஸ்சு நிக்காம போய்டுச்சு சார்” என்று மூச்சிரைக்க நின்ற முகங்களில் ஒன்று அவளுடையது. நான் கடிகாரத்தைக் காட்டினேன். அன்று அவளுக்கு வேலையில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், பஷீர் பாய் கடை வாசலில், முழங்கால் சிராய்ப்போடு மிதிவண்டி பழகிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்து, “இனிமே பஸ்சு சாக்கு சொல்ல மாட்டேன் சார்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நிற்க முடியாமல்தான் நான் சங்கத்தில் சேர்ந்தேன். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

“கூட நீங்க இருக்கீங்கன்னுதான்”

மாதனூருக்குத் திரும்புகிறேன். அலுவலர் மோர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “ரோடு நல்லாத்தானே சார் இருக்கு? அடிப்பாலம் இருக்கு, சர்வீஸ் ரோடு இருக்கு. லேடீஸ் எல்லாம் சிரமமில்லாம வந்துட்டாங்களே” என்றார். அவர் மேல் பிழையில்லை. நாங்கள் காட்டியதைத்தான் அவர் பார்த்தார். ரவியின் முகம் அப்போதுதான் சுருங்கியது.

அந்த நேரத்தில்தான் ஏழுமலை தன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான்.

“ஐயா, தனம் எங்க?”

“பின்னாடி வர்றாப்பா” என்றேன்.

பொய். அதுவும் எவ்வளவு எளிதாக வந்தது!

அவன் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். “பின்னாடி யாரும் இல்லியே. மின்னூர் வழியா கூட்டமா வருவீங்கன்னு ஒம்போது மணியிலிருந்து ரோட்டோரம் நின்னுனு இருந்தேன். யாரும் வர்ல. போன் போட்டா மாதனூர்ன்றாங்க. அவ ஏழேகாலுக்கே கெளம்பிட்டாயா.”

நான் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

“எனக்கு இதுல இஷ்டமே இல்ல. கூட நீங்க இருக்கீங்கன்னுதான் அனுப்பிச்சேன். ஏதாச்சும் ஒண்ணு ஆச்சு, அந்த சைக்கிள நாளைக்கே வித்துடுவேன், வேலைக்கும் போவ வேணாம்னு சொல்லித்தான் அனுப்பிச்சேன்.”

“வாப்பா, தேடுவோம்” என்று அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். என் கைபேசி மோர்ப் பானை அருகே பையிலேயே கிடந்தது.

மூன்றாம் அடி

தனியே மிதிக்கும்போது பதிகம் சொல்லிக்கொண்டே மிதிப்பது என் வழக்கம். அடிக்கு இத்தனை மிதி என்று கால் தானாகவே கணக்குப் பிடித்துக்கொள்ளும். அன்று ஏழுமலையின் முதுகுக்குப் பின்னால், காற்று காதில் அறைய, வாய் தானாக ஓதத் தொடங்கியது. முதல் அடி வந்தது. இரண்டாம் அடி வந்தது. மூன்றாம் அடி வரவில்லை. சிறுவயது முதல் ஆயிரம் முறை சொன்ன பாட்டு. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடி அதே இடத்தில் நின்றது.

சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை அவன் தோள்மேல் கை வைத்தேன். “இன்னா?” என்று அவன் திரும்பினான். “ஒண்ணுமில்ல, ரோட்ட பாத்து ஓட்டு” என்றேன்.

ஆம்பூரை மேம்பாலத்திலேயே கடந்தோம். கீழே ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணி அடுப்புகளின் புகை. எதிரே மேற்கு. நான் நாற்பத்திரண்டு பேரைக் காப்பாற்றுவதாகச் சொல்லி விலக்கிய திசையில், ஒருத்தியைத் தனியே நிறுத்திவிட்டு வந்திருந்தேன்.

மின்னூர்க் கடப்பில் இறங்கினோம். ஒரு லாரி போனால் அதன் காற்று அடங்குவதற்குள் அடுத்த லாரி. டீக்கடை அம்மா கரண்டியும் கையுமாக வெளியே வந்தார்.

“மஞ்ச பனியன் போட்ட பொண்ணா? காலைல ரொம்ப நேரம் இங்கதான் நின்னுனு இருந்துச்சு. டீ குடிம்மான்னேன், இப்ப வந்துடுவாங்க ஆயான்னுச்சு. அப்பறம் குறுக்க போச்சு.”

“குறுக்க போய்?”

“அப்பறம் நான் பாக்கல நைனா. பூரி போட்டுனு இருந்தேன்.”

நடுத்திட்டின் அருகே கண்ணாடிச் சில்லுகள் கிடந்தன. சக்கரம் தேய்ந்த கறுப்புக் கோடு ஒன்று. ஓரத்தில் ஒற்றைச் செருப்பு, பெண்கள் அணிவது.

ஏழுமலை குனிந்து அதை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது அவளுது இல்ல” என்றான். சற்றுப் பொறுத்து, “இல்லன்னுதான் நெனைக்கிறேன்” என்றான். தன் மனைவியின் செருப்பு என்ன நிறம் என்று அவனுக்கு உறுதியாகத் தெரியவில்லை. அந்த வெட்கமும் பயமும் சேர்ந்து அவன் முகத்தில் வந்ததைப் பார்க்க மாட்டாமல் நான் சாலையைப் பார்த்தேன்.

விண்ணமங்கலம் வரை போனோம். அங்கே ஒரு பழக்கடைக்காரர், மஞ்சள் பனியன் பெண் ஒருத்தி தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, “கூட்டம் முன்னாடி போய்ட்டாங்களாண்ணா?” என்று விசாரித்ததாகவும், தான் எந்தக் கூட்டத்தையும் பார்க்கவில்லை என்றதும் வந்த வழியே திரும்பிவிட்டதாகவும் சொன்னார். எப்போது என்றால், “ஒரு மணி நேரம் இருக்கும்” என்றார். ஒரு மணி நேரத்தில் அந்தச் சாலையில் எவ்வளவோ நடந்துவிடலாம்.

பஷீர் பாய் கடை வாசல்

ஆம்பூருக்குள் திரும்பியபோது பத்தரை மணிக்கு மேலாகிவிட்டது. பஷீர் பாய் கடை வாசலில் மஞ்சள் கூட்டம். எங்களுக்கு முன்பே எல்லாரும் வந்து சேர்ந்திருந்தார்கள். அலுவலரும் கிளம்பிவிடாமல் நின்றிருந்தார். நடுவே ஒரு முக்காலியில், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியபடி, தனலட்சுமி உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது.

“ஏழுமலைக்கு எத்தினி தடவ போன் போடறது சாமி? வண்டி சத்தத்துல கேக்கலியா?” என்று பஷீர் பாய் கத்தினார். “பொண்ணு அப்பவே வந்துடுச்சு. பேஜாரா பூட்ச்சு எங்களுக்கு!”

தனலட்சுமி எழுந்தாள். என்னைத்தான் பார்த்தாள். “நான்தான் லேட்டுன்னு நெனச்சேன் சார். எல்லாரும் என்னை வுட்டுட்டு முன்னாடி போய்ட்டீங்க போலன்னு, புடிச்சிடலாம்னு வேகமா மிதிச்சேன். விண்ணமங்கலம் வரைக்கும் ஒருத்தரையும் காணோம்.”

நான் வாய் திறப்பதற்குள் ரவி முந்திக்கொண்டார். “எல்லாருக்கும் மூணு நாள் முன்னாடியே மெசேஜ் போய்டுச்சும்மா. கேட்டுத் தெரிஞ்சுக்கணும் இல்ல? எங்க உயிரே போய்டுச்சு.”

ஏழுமலை அவள் மிதிவண்டியின் கைப்பிடியைப் பற்றினான். “நட, வீட்டுக்கு. இதோட போதும்.”

அவள் கடைசியாக ஒருமுறை சீட்டின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள்.

எனக்கு வாய்த்த பெரும் வசதி அந்த நொடி. பேசாமல் இருந்தால் போதும். பழி அவளோடு மின்னூர் போய்ச் சேர்ந்துவிடும். என் நெற்றி நீறு கலையாது. வாசலில் கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் முதல்நாள் மாலை என் குரலுக்குப் பின்னால் ஓதியவர்கள்.

“அவ மேல தப்பில்ல ஏழுமலை” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “அவளுக்கு நேர்ல சொல்றேன்னு ஒத்துக்கிட்டவன் நான். நேத்து சாயங்காலம் கெளம்பினேன். வழியில கோயிலுக்குள்ள போய் உக்காந்துட்டேன். அப்படியே வீட்டுக்கு போய்ட்டேன். உங்கிட்ட பின்னாடி வர்றான்னு சொன்னதும் பொய். வழிய மாத்தினதும் நான்தான். கூட்டமா போனா வெல்லம் செல்லாதுன்னு சொன்னேனே பாய், அப்படி ஒரு சாத்திரமே இல்ல.”

பஷீர் பாய் கையிலிருந்த ஸ்பேனரைப் பலகைமேல் மெல்ல வைத்தார்.

ஏழுமலை என்னை நெடுநேரம் பார்த்தான். அடிப்பான் என்றுகூட நினைத்தேன். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“தனியாவா கிராஸ் பண்ண?”

“ஆமா.”

“எத்தினி தடவ?”

“போவ சொல்லோ ஒண்ணு, வர சொல்லோ ஒண்ணு.”

“அந்த லாரிங்க நடுவுல? பயமா இல்லியா உனக்கு?”

அவள் அவனை வியப்போடு பார்த்தாள். “தெனமும் ரெண்டு தடவ அப்படித்தானே போறேன்.”

தினமும் இரண்டு முறை. அந்தச் செய்தி ஏழுமலைக்குப் புதிது என்பது அவன் கை தளர்ந்ததில் தெரிந்தது. விடியலில் லாரியில் ஏறிப் போகிறவன் அவன். அவள் எப்படிப் போகிறாள் என்று கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. நின்றிருந்த அலுவலர் ஓர் அடி முன்னால் வந்தார்.

“எந்த இடம்மா அது?”

“வாங்க சார், காட்றேன்” என்றாள் தனலட்சுமி. கணவன் கையிலிருந்த கைப்பிடியைப் பார்த்தாள். சற்று நேரம் கழித்து அவன் விட்டான்.

மேற்கே

நல்ல நேரம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. உச்சி நெருங்கும் வெயிலில், நாற்பதுக்கு மேற்பட்ட மிதிவண்டிகளும் ஏழுமலையின் மோட்டார் சைக்கிளும் அலுவலரின் வாகனமும் மேற்கே புறப்பட்டன. முன்னால் அவள். கடைசியில், பஷீர் பாய் கடை வண்டி ஒன்றில் நான். வெல்லம் தின்னவில்லை. யாரும் நினைவுபடுத்தவுமில்லை.

கடப்பில் அலுவலர் அவள் அருகே நின்றார். ஒரு லாரி, ஒரு பேருந்து, மறுபடி லாரிகள். அவள் முன்சக்கரத்தை வைத்தாள், இழுத்தாள், வைத்தாள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் அவரும் ஓர் அடி எடுத்து வைத்து, ஒலிப்பான் அலறவே பின்னால் குதித்தார். அந்தப் பெண்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. அவரவர்க்கு அந்தக் குதிப்பு தெரிந்ததே.

குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். சில வாரங்களில் ஓர் எச்சரிக்கைப் பலகை வந்தது. விளக்கு வரும் என்கிறார்கள். இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. விண்ணப்பத்தோடு அலுவலகப் படிகளை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஏழுமலை மிதிவண்டியை விற்கவில்லை. மறுநாள் அவளை அவன் தன் வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னானாம். “நீ கெளம்பறதுக்குள்ள சங்கு ஊதிடும்” என்று சொல்லிவிட்டு அவள் ஏறி மிதித்துப் போனாளாம். அவன் விடியலில் லாரி ஏறாமல் கடப்பு வரை நடந்து வந்து, அவள் மறுபக்கம் சேரும்வரை நின்றுவிட்டுப் போனானாம். பஷீர் பாய் சொன்னார்.

என் நிலை வேறு. காலை ஏழரை மணிக்குப் பூசையில் உட்காருகிறேன். மூன்றாம் அடி இப்போது வருகிறது. ஆனால் எங்கோ தொலைவில் ஒரு லாரியின் ஒலிப்பான் நீளமாகக் கேட்டால் நான்காம் அடியில் நாக்கு நின்றுவிடுகிறது. எட்டு மணிச் சங்கு ஊதி, அதன்பின் ஒன்றும் கேளாமல் சிறிது நேரம் கழிந்த பிறகே பாட்டை முடிக்கிறேன். பெருமான் இந்தத் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்வான் என்றே நம்புகிறேன். தடுமாறாமல் ஓதிய அந்தச் சனிக்கிழமையை அவன் எப்படிப் பொறுப்பான் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இதைப் படித்தோரும், படிக்கச் சொல்லிக் கேட்டோரும், இன்று எத்திசை நோக்கிப் புறப்படுவோராயினும் அத்திசை உங்களுக்கு நல்வழி ஆகுக. நடந்தும் மிதித்தும் செல்வோர்க்குப் பெருவண்டிகள் வழிவிடுக. உங்களுக்குச் சொல்ல வேண்டிய சொல்லை எவரும் மறவாது வந்து சொல்லுக. காத்திருப்போர் நெஞ்சு குளிர, எல்லாரும் வீடு வந்து சேர்க.